கைவிரதம்

டெல்பினைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். அவள் நல்லவள் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே எரியும். கெட்டவளாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன்.

பாளையங்கோட்டையில் இருவருக்கும் ஒரே கல்லூரி, ஒரே விடுதி அறை. முதல் வருடம் நான் முதல் மதிப்பெண், அவள் இரண்டாவது. அதோடு சரி. அதற்குப் பிறகு வெளிநாட்டு உதவித்தொகை அவளுக்கு, 'அடுத்த முறை பார்க்கலாம்' எனக்கு. நிறமும் அவளுக்கு, குரலும் அவளுக்கு. கடைசியில் கல்வராயன் மலையடிவாரத்தில் மனிதக்குரங்குப் பண்பாட்டு ஆய்வு நிலையம் தொடங்கி எங்கள் இருவரையும் வேலைக்கு எடுத்தபோது, அவளுக்கு முதல் வளாகத்தைக் கொடுத்தார்கள், எனக்கு இரண்டாம் வளாகத்தை. "இசக்கியம்மாள், நம்பர்ல என்ன இருக்கு?" என்றார் இயக்குநர் சோமசேகர். அவருக்கு முதல் மாடியில் அறை, முதல் இடத்தில் கார் நிறுத்தம்.

நிலையம் எதற்காக என்று சொல்லிவிடுகிறேன். மேற்கு ஆப்பிரிக்காவில் சிம்பன்சிகள் வாழ்ந்த ஒரு காடு எரிந்து போனது. அந்தக் காட்டுக் கூட்டத்துக்கென்று சில வழக்கங்கள் இருந்தன. கல்லால் கொட்டை உடைக்கும். இலையை மென்று பஞ்சாக்கி மரப்பொந்திலிருந்து தண்ணீர் எடுக்கும். பேன் பார்க்கும்போது இரண்டும் ஒரு கையை உயரத் தூக்கிக் கோத்துக்கொள்ளும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த கூட்டத்துக்கு இதெல்லாம் தெரியாது. தாய் செய்வதைக் குட்டி பார்த்து, அதைப் பார்த்து அதன் குட்டி செய்து வழிவழியாக வந்தவை. காட்டோடு செய்துகாட்டும் தாய்களும் போய்விட்டன. மிச்சமிருந்தவை, விலங்குக் காட்சிசாலைகளில் பிறந்து, நறுக்கி வைத்த பழத்தைத் தவிர வேறு எதையும் பார்க்காத குட்டிகள்.

ஆனால் அந்தக் காட்டுக் கூட்டத்தைப் படம்பிடித்த காணொளிகள் மலை மலையாக இருந்தன. அவற்றை ஊட்டி ஓர் இயந்திரத் தாயைச் செய்தார்கள். ரோமம் உண்டு, உடம்புச் சூடு உண்டு, மூச்சில் இலை வாசனைகூட உண்டு. காட்டில் எந்தக் கிழட்டுத் தாய் எப்படிக் கல்லைப் பிடித்தாளோ அப்படியே பிடிக்கும். குட்டி தவறாக அடித்தால் கல்லைத் திருப்பி அதன் கையில் வைக்கும். காட்டம்மா என்று பெயர். அது முதல் வளாகத்துக்குப் போனது.

"அப்ப எனக்கு?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு ஒண்ணும் கிடையாது. அதான் உங்க ஆய்வோட அழகே," என்றார் சோமசேகர். "அதே வயசுக் குட்டிங்க, அதே மரம், அதே கல்லு, அதே கொட்டை. செஞ்சு காட்ட மட்டும் ஆள் இல்ல. உங்க பக்கத்துல ஒண்ணும் நடக்காம இருந்தாத்தான், அந்தப் பக்கத்துல நடக்கிறது படிச்சு வந்ததுன்னு நிரூபிக்க முடியும்."

"அவ ஜெயிக்கதுக்கு என் புள்ளைங்க முட்டாளா இருக்கணும்."

"முட்டாள்னு ஏன் சொல்றீங்க? சுத்தமா இருக்கணும்."

சுத்தமாக வைத்திருப்பதற்காக ஏற்பட்டதுதான் கைவிரதம். மௌனவிரதம் இருப்பவர்கள் வாயைக் கட்டுவது போல நாங்கள் கையைக் கட்டினோம். இரண்டாம் வளாகத்தின் கண்ணாடிக்கு முன்னால் போகும் எவரும் கையால் எதுவும் செய்யக் கூடாது. தண்ணீர் குடிக்கக் கூடாது, மூக்குக் கண்ணாடியைத் துடைக்கக் கூடாது, கொசு கடித்தால் அடிக்கக் கூடாது. சாப்பாடு கூரையிலிருந்து தானாக இறங்கும். நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருப்போம். கொசுவுக்கு இந்த விதி தெரிந்திருந்தது. என் ரத்தத்தைக் குடித்தே அந்தப் பக்கத்துக் கொசுக்கள் கொழுத்தன.

இரண்டு வளாகங்களுக்கும் நடுவே உயரமான சுவர். பார்க்க முடியாது, கேட்க முடியும். காலையில் காட்டம்மா கொட்டை உடைக்கத் தொடங்கினால் 'டொக், டொக்' என்று சத்தம் வரும். கொஞ்ச நாளில் அது பல கல்லின் சத்தமாகிவிட்டது. பிறகு விருந்தினர்கள் வந்தார்கள், கைதட்டல் வந்தது. அமைச்சர் வந்தார், தொலைக்காட்சி வந்தது. ஒவ்வொரு முறை அந்தச் சத்தம் எழும்போதும் நான் இங்கே கையைக் கட்டிக்கொண்டு, கல்லை உருட்டிவிட்டு அதன்மேல் உட்காரும் என் குட்டிகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சும்மா இருப்பதே சுகம் என்று சொன்னவர் பக்கத்து வீட்டில் கல்யாணம் நடக்கும்போது சும்மா இருந்து பார்த்திருக்க மாட்டார்.

வருடங்கள் போயின, குட்டிகள் வளர்ந்தன. என் கூட்டத்தில் நாச்சி என்பவள் ஒரு பெண் குட்டியை ஈன்றாள். வெற்றிலைக் கொடியின் நுனி போல அத்தனை சின்னதாக இருந்ததால் கொழுந்து என்று பெயர் வைத்தேன். எனக்குப் பிள்ளை கிடையாது. அதைப் பற்றி இதற்குமேல் சொல்லப் போவதில்லை. கொழுந்து கண்ணாடியில் மூக்கை அழுத்தி என்னைப் பார்க்கும்போது, அவளைத் தூக்கிக்கொண்டு மலையேறி ஓடிவிடலாமா என்று இருக்கும். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

பால் மறக்கும் வயதில் கொழுந்து சாப்பிடாமல் போனாள்.

ஒரேயடியாக இல்லை. பழத்தை எடுப்பாள், வாய்வரை கொண்டுபோவாள், வைத்துவிடுவாள். மற்றவையும் கொஞ்ச நாளாக அப்படித்தான் இருந்தன. ஆனால் பெரியவை மாலையில் ஈடுகட்டிக்கொள்ளும், இவள் அதையும் செய்வதில்லை. விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. கால்நடை மருத்துவர் மாசிலாமணி ஆம்பூர்க்காரர், பதற்றப்படாதவர். ரத்தம் பார்த்தார், மலம் பார்த்தார்.

"உடம்புல ஒண்ணும் கோளாறு இல்லீங்க மேடம். சாப்பிட மாட்டேங்குது, அவ்ளோதான். இப்படியே போனா மழைக்காலம் தாங்காது."

"மயக்கி வச்சு ட்ரிப்ஸ் போடலாமே."

"ஒரு தடவ போடலாம். தினமுமா மயக்கறது? குட்டிய அம்மாகிட்டேருந்து பிரிச்சா நாச்சி தலைய மோதிக்கும்."

"பக்கத்து வளாகத்துக்கு மாத்திட்டா?" என்று கேட்கும்போதே என் நாக்கு கசந்தது.

"அந்நியக் கூட்டத்துக் குட்டிய அதுங்க கொன்னுடும் மேடம். உங்களுக்குத் தெரியாததா?"

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. குட்டிகள் பழத்தை வைப்பது எப்போதும் அந்தச் சத்தம் வரும்போதுதான். டொக் டொக் என்றதும் ஒவ்வொன்றாக வாயை நிறுத்தும். டெல்பினின் காட்டம்மாதான் என் பிள்ளையைக் கொல்கிறது! எனக்கு உண்டான கோபத்தில் ஒரு சந்தோஷமும் இருந்தது, மறைப்பானேன். அவளைக் குற்றம் சொல்ல இத்தனை வருடம் ஒரு காரணமும் கிடைக்காமல் இருந்தவள் நான். நேராக அவள் அறைக்குப் போனேன்.

"ஏட்டி டெல்பின், ஒன் பொம்மைய நிறுத்து. அது போடுத சத்தத்துல என் புள்ள திங்க மாட்டேங்கு."

அவள் ஏன், எதற்கு என்று கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். "அய்யய்யோ, கொழுந்தா?" என்று எழுந்து போய் அந்த நிமிடமே காட்டம்மாவை நிறுத்திவிட்டாள். கற்களை எல்லாம் அள்ளச் சொன்னாள். அன்றைக்கு வெளிநாட்டு விருந்தினர்கள் வருவதாக இருந்தது. அவர்களையும் திருப்பி அனுப்பிவிட்டாள். எனக்கு இன்னும் எரிந்தது.

ஆனால் இரண்டாம் வளாகத்தில் நிலைமை மோசமாயிற்று. சத்தம் வராததால் என் கூட்டம் முழுக்க, எப்போது வரும் என்று காத்துக்கொண்டு பகலெல்லாம் உட்கார்ந்திருந்தது. ஒன்றுகூடப் பழத்தைத் தொடவில்லை. மறுபடி சத்தத்தைத் தொடங்கச் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

மாசிலாமணிதான் காணொளியைப் பார்க்கலாம் என்றார். அவர் அறையில் உட்கார்ந்து ஓட்டினோம். சத்தம் எழுகிறது. நாச்சி பழத்தைக் கீழே வைக்கிறாள். கைகளை மார்பில் கட்டிக்கொள்கிறாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி உதட்டைக் குவித்துக்கொண்டு உட்கார்கிறாள். அடுத்து கூட்டத்தின் பெரிய ஆண் மொட்டை. அடுத்து மற்றவை. எல்லாவற்றுக்கும் கடைசியில் கொழுந்து, எலும்பும் தோலுமான கைகளைக் கட்டிக்கொண்டு.

"இங்க நிறுத்துங்க மேடம். கொஞ்சம் பின்னாடி போங்க," என்றார் மாசிலாமணி. "பாருங்க. சத்தம் வந்ததும் அதுங்க செவுத்தப் பாக்கல. மொதல்ல கண்ணாடியப் பாக்குது. உங்களப் பாக்குது. அப்புறந்தான் செவுரு."

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வைத்திருந்த கேமராவின் பதிவை ஓட்டினார். பெஞ்சில் நான். கை கட்டியிருக்கிறேன், விதிப்படி. டொக் டொக் என்றதும் என் முகம் சுவரை நோக்கித் திரும்புகிறது. உதடு குவிகிறது. எதிரே என்ன நடக்கிறது என்ற நினைப்பே இல்லை. பந்தியில் தன் இலைக்கு மட்டும் வடை வைக்காமல் போனவளின் முகம்.

"கையக் கட்டினோம். கண்ணக் கட்ட மறந்துட்டோம்," என்றார் அவர்.

"நான் ஒண்ணும் கத்துக்குடுக்கல டாக்டர்."

"நீங்க கத்துக்குடுக்கல. அதுங்க கத்துக்கிச்சு. அம்மாவும் காடும் இல்லாத கொழந்தைங்களுக்கு முன்னாடி ஒரு மூஞ்சி மட்டும் இருக்குது. அதுங்க வேற எத்தப் படிக்கும்? இந்த வழக்கம் நாச்சிக்கு உங்ககிட்டேருந்து வந்துது, கொழுந்துக்கு நாச்சிகிட்டேருந்து வந்துருக்குது. மேடம், நீங்க தேடிக்கினு இருந்தீங்களே பண்பாடு, இதான் அது."

செய்தியைக் கேட்ட சோமசேகர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். துக்கத்தால் இல்லை.

"இசக்கியம்மாள், இது என்னன்னு புரியுதா? கொட்டை உடைக்கிறது பழைய கதை. பொறாமை ஒரு தலைமுறையிலேருந்து இன்னொரு தலைமுறைக்குப் போகுது, அதுவும் பசியை மீறி! உலகத்துல யாரும் காட்டினதில்ல. டெல்பினோட வேலையெல்லாம் இதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல."

கடைசி வாக்கியத்தை அவர் வேண்டுமென்றே சொன்னாரா என்று தெரியாது. எனக்குள் தேன் இறங்கியது.

"குட்டி செத்துரும் சார்," என்றேன்.

"அவசரப்படாதீங்க. இன்னொரு குட்டி பொறக்கப் போகுது இல்ல? அதுவும் இதைப் படிக்குதான்னு பார்க்கணும். அதுவரைக்கும் யாரும் எதையும் மாத்தக் கூடாது. நீங்க வழக்கம்போல உட்காருங்க. அதே பெஞ்ச், அதே முகம்."

மறுநாளும் வழக்கம்போலப் போய் உட்கார்ந்தேன். அதற்கு அடுத்த நாளும். என் பெயரை முதலில் போட்டு, அவள் பெயரே இல்லாமல் ஒரு கட்டுரை. மேடையில் நான், கீழே வரிசையில் டெல்பின், கைதட்டிக்கொண்டு. நினைக்க நினைக்க இனித்தது. இனித்துக்கொண்டிருக்கும்போதே சத்தம் வந்தது, என் முகம் திரும்பியது. கொழுந்து கையிலிருந்த கொய்யாத் துண்டைத் தரையில் வைத்தாள். வைப்பதற்குக்கூடத் தெம்பில்லை, அது உருண்டு போனது. அதை எட்டிப் பிடிக்காமல் கைகளைக் கட்டிக்கொண்டாள். என் பிள்ளை, என்னைப் போலவே.

எழுந்துபோய்ச் சோமசேகரிடம் கைவிரதம் முடிந்தது என்றேன். ஆய்வு கெட்டுவிடும் என்றார். கெடட்டும் என்றேன். வேலை போகும் என்றார். "ரெண்டாம் வளாகத்துல உக்கார வேற ஆளா தேடி வரும்?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்தேன்.

மாற்றுவது லேசாக இருக்கும் என்று நினைத்தேன். என் முகம்தானே பாடம், முகத்தை மாற்றினால் போயிற்று. மறுநாள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு கண்ணாடி முன்னால் உட்கார்ந்தேன். சத்தம் வந்தது. நான் சுவரைப் பார்க்கவில்லை. பழத்தை உரித்து வாயில் போட்டுக்கொண்டு, பல் தெரியச் சிரித்தேன். கூட்டம் முழுவதும் வீறிட்டுக்கொண்டு மூலைக்கு ஓடியது. இருபது வருடம் படித்தவளுக்கு மறந்துவிட்டது: சிம்பன்சி பல்லைக் காட்டினால் அதற்கு பயம் என்று அர்த்தம்.

பல்லை மூடிக்கொண்டு முயன்றேன். தின்றேன், தலையாட்டினேன், பாட்டுக்கூடப் பாடினேன். கொழுந்து என் வாயைப் பார்க்கவில்லை. கண்ணைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், தோளைப் பார்த்தாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள்.

"உங்க கை திங்குது மேடம், மூஞ்சி திங்கல," என்றார் மாசிலாமணி. "நடிச்சா அதுங்களுக்குத் தெரிஞ்சுடும். அந்தச் சத்தம் கேக்கறப்ப நெஜமாவே உங்களுக்குச் சந்தோஷமா இருக்கணும்."

"நான் அங்க போயி உக்காராமலே இருந்தா?"

"போன வாரம் நீங்க லீவு. என்னா ஆச்சு? நாச்சி கண்ணாடிக்கு அந்தாண்ட உங்கள மாதிரியே உக்காந்து அதே மூஞ்சியக் காட்டிச்சு. நீங்க பழக்கினத நீங்கதான் மேடம் மாத்தணும்."

ஆக, என் பிள்ளை பிழைக்க வேண்டுமானால் டெல்பினின் வெற்றிச் சத்தத்தைக் கேட்டு நான் மனதார மகிழ வேண்டும். எமனே நேரில் வந்து கேட்டிருந்தால்கூட வேறு ஏதாவது சுலபமாகக் கேட்டிருப்பான்.

டெல்பினிடம் போனேன். போவதற்கு எனக்கு எவ்வளவு பாடாயிற்று என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், வடை வைக்காத முகம் உட்பட. "ஒன்னப் பாத்தா எனக்கு எரியும்ட்டி. காலேஜுல இருந்தே. இப்ப அது புள்ள உயிருக்கு வந்து நிக்கு," என்றேன். அவள் தன் விரல்களைப் பார்த்தாள். பிறகு, "நாளைக்கு நான் வந்து ஒன் பக்கத்துல உக்காருதேன்," என்றாள்.

வந்தாள். ஒரு பொட்டலம் கடலைமிட்டாயும் கொண்டுவந்தாள். பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தோம். கண்ணாடிக்கு அப்பால் கொழுந்து நாச்சியின் மடியில் கிடந்தாள். சத்தம் வந்தது. டொக், டொக், அதன் பின்னால் கைதட்டல். என் கழுத்து தானாக விறைத்தது.

"கேக்கியா அத?" என்றாள் டெல்பின். "எனக்கு அந்தச் சத்தத்தக் கேட்டா பத்திக்கிட்டு வருதுட்டி."

"ஒனக்கென்ன?"

"எனக்கென்னவா? காட்டம்மா வந்த நாளுல இருந்து அதுவ ஒண்ணாவது என்னயத் திரும்பிப் பாத்திருக்குமா? கண்ணாடிக்கு முன்னால நான் செத்து விழுந்தாலும் கொட்டைதான் ஒடச்சிக்கிட்டு இருக்கும். அது பெத்ததும் இல்ல, உசிரும் இல்ல, அதுக்குப் பின்னால போகுதுவ. நான் யாருட்டி அங்க? விருந்தாளிய கூட்டிட்டு வந்து காட்டுதவ. இங்க பாரு, ஒன் புள்ளைய! ஒன் மூஞ்சியவே படிச்சிருக்குதுவ. நீ திரும்புனா திரும்புதுவ. காட்ட எரிச்சதும் மனுசன், மிச்சத்தக் கூண்டுல வச்சி பண்பாடு எங்கன்னு தேடுததும் மனுசன். அதுல ஒருத்திக்காவது ஒரு புள்ள கெடச்சிருக்கு, அது நீதான். நெனச்சா ராத்திரி தூக்கம் வர மாட்டேங்கு."

நான் அவளைப் பார்த்தேன். டெல்பின், என்னைப் பார்த்து வயிறெரிகிறாள்!

எனக்கு அவள்மேல் இரக்கம் வந்ததாகச் சொன்னால் பொய். உள்ளங்காலிலிருந்து ஒரு சுகம் ஏறியது. கழுத்து இளகியது, தோள் இறங்கியது, கட்டியிருந்த கைகள் அவிழ்ந்து மடியில் விழுந்தன. சுவருக்கு அப்பால் கல்லின் சத்தம் தொடர்ந்துகொண்டே இருந்தது. அதைக் கேட்கவே எனக்கு இனிமையாக இருந்தது. ஒரு மிட்டாயை எடுத்துக் கடித்தேன். 'அடிங்கட்டி, நல்லா அடிங்க, அவளைத் திரும்பிப் பாக்காதீங்க' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

கொழுந்து மடியிலிருந்து தலையைத் தூக்கினாள். என்னையே பார்த்தாள். அவள் கைகள் மெல்ல அவிழ்ந்தன. தரையில் கிடந்த கொய்யாவை எடுத்து ஒரு கடி கடித்தாள். நாச்சி அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தானும் ஒன்றை எடுத்தாள். அது எந்த வகைச் சந்தோஷம் என்று பிரித்துப் பார்க்க அவற்றுக்குத் தெரியாது. மாசிலாமணி கதவோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார், நான் தேவதையாகிவிட்டேன் என்று எண்ணியிருப்பார்.

அதன்பிறகு டெல்பின் தினமும் வந்தாள். பெஞ்சில் உட்கார்ந்ததும் அன்றைய துன்பத்தைச் சொல்வாள். அவள் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மகள் லீவுக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். விருதுக்கு வேறு யாரையோ எடுத்துவிட்டார்கள். மொட்டைக்கு இணையான அவளது பெரிய ஆண் சிம்பன்சி அவள்மேல் எச்சில் துப்பியது. "அடப் பாவமே," என்று நான் சொல்லுவேன். வாய்தான் அப்படிச் சொல்லும். தோள் இறங்கும். அந்தப் பக்கம் கல் தட்டும், இந்தப் பக்கம் என் பிள்ளை சாப்பிடும். கொழுந்தின் விலா மறைந்தது, வயிறு வைத்தது. ஒப்பீடு கெட்டுப்போன பிறகு ஒளித்து வைக்க ஒன்றுமில்லை என்பதால் இரண்டாம் வளாகத்துக்கும் ஒரு காட்டம்மாவைச் செய்ய உத்தரவு போயிற்று. சோமசேகர் என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தார், அது எனக்கு லாபம்.

கொழுந்து உடம்பு தேறி முதன்முதலாக நாச்சியின் முதுகிலிருந்து குதித்து மரமேறிய அன்று மதியம், அதை டெல்பினிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஏன் அப்படித் தோன்றியது என்று யோசிக்கவில்லை. முதல் வளாகத்துக்கு நான் போனதே கிடையாது. பின்கதவு திறந்திருந்தது, உள்ளே போனேன்.

டெல்பின் அப்போதுதான் அங்கே கண்ணாடியை நோக்கி நடந்துபோய்க்கொண்டிருந்தாள். கொட்டை உடைத்துக்கொண்டிருந்த கூட்டம் அவளைக் கண்டதும் கல்லைப் போட்டுவிட்டு ஓடிவந்தது. காட்டம்மா தனியாக உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தது. ஒரு குட்டி, தான் உடைத்த பருப்பைக் கண்ணாடியில் ஒட்டவைத்து அவளுக்குக் காட்டியது. துப்பியதாக அவள் சொன்ன அந்தப் பெரிய ஆண், தன் ஒரு கையை உயரத் தூக்கிக் கண்ணாடியில் வைத்தது. அவளும் தன் கையை அதற்கு நேராக வைத்தாள். காட்டுக் கூட்டத்தில் நெருங்கியவர்கள் கோத்துக்கொள்ளும் அதே கை. பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து, "அம்மா, எனக்கும் காட்டும்மா," என்று சிரித்துக்கொண்டிருந்தாள் லீவுக்கு வரமாட்டேன் என்ற மகள்.

"டெல்பின் மேடத்தப் பாத்தா எப்பவும் இப்படித்தாங்க. ஆளையே விட மாட்டேங்குதுங்க," என்றார் அங்கே தரையைக் கூட்டிக்கொண்டிருந்த பணியாளர். "கட்டுரைக்குப் பெரிய பரிசு கெடச்சிருக்குதாமே, உங்களுக்கு ஸ்வீட் குடுத்தாங்களா?"

டெல்பினுக்குத் தெரியாமல் திரும்பி வந்துவிட்டேன்.

என் பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். எல்லாம் பொய். முதல் நாள் சொன்னதிலிருந்து பொய். உதவித்தொகை, வளாகம், காட்டம்மா என்று இத்தனை வருடம் நான் எரிந்ததெல்லாம் சில்லறை. இதுதான் பெரிசு. தன்னைத் தினமும் ஒரு படி இறக்கிக் காட்டி என் பிள்ளைக்குச் சோறு ஊட்டியிருக்கிறாள். என்னால் முடியுமா? அவள் பிள்ளை சாகக் கிடந்திருந்தால், அவள் முன்னால் போய் உட்கார்ந்து, நான் தோற்றேன், நான் தோற்றேன் என்று தினமும் பொய் சொல்லியிருப்பேனா? மாட்டேன். எனக்குத் தெரியும், மாட்டேன். நல்லவளாக இருப்பதிலும் அவளே முதல். வாழ்க்கையில் நான் அவ்வளவு பொறாமைப்பட்டதே இல்லை.

அந்த நேரம் பார்த்துச் சுவருக்கு அப்பால் மறுபடி சத்தம் எழுந்தது. டொக், டொக்.

கொழுந்து ஒரு நெல்லிக்காயை வாயருகே பிடித்திருந்தாள். அப்படியே நிறுத்தி என்னைப் பார்த்தாள். நாச்சி பார்த்தாள். மொட்டை பார்த்தான். மெல்லுவதற்கு இன்று என்னிடம் டெல்பினின் துன்பம் எதுவும் இல்லை. அந்தப் பக்கம் யார் நிற்கிறாள், அவளை எப்படிக் கொண்டாடுகிறார்கள் என்று எல்லாம் தெரிந்துகொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டேன். அவள் கை கண்ணாடியில் இருக்கும். அந்தப் பெரியவன் கையும் இருக்கும். மகள் சிரித்துக்கொண்டிருப்பாள். இருக்கட்டும். எனக்கு அழுகை வந்தது, எரிந்தது, இன்னும் என்னென்னவோ. என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது, சுவர்ப் பக்கம் மட்டும் திரும்பவில்லை. கொழுந்து வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு நெல்லிக்காயைக் கடித்தாள். புளிப்பில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மறுபடி கடித்தாள்.

கதவு திறந்தது. டெல்பின் வேகமாக வந்து, வேண்டுமென்றே வாட்டிக்கொண்ட முகத்தோடு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு ஒரு கொடுமை நடந்துச்சுட்டி இசக்கி, கேளு..."

"சொல்ல வேண்டாம்ட்டி," என்றேன். "புள்ள தின்னுட்டா."